ஐம்பத்திரண்டாம் நாள்

சின்னவளிடம் தேதி கேட்டால் கிடைக்காது, கோழியின் வயதுதான் கிடைக்கும். "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டவரிடம் யோசிக்காமல் "இருபத்தேழு" என்பாள். அவர் அதை நம்பி வங்கிப் படிவத்தில் எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு, வந்து சண்டை போடுவார். சின்னவள் என்ன செய்வாள் பாவம். நான்கு கொட்டகை, கொட்டகைக்கு இருபதாயிரம் கோழி என்று பதினெட்டு வருஷமாக வளர்க்கிறவளுக்கு வேறு நாள்கணக்கு எதற்கு? குஞ்சு வந்து இறங்குவது முதல் நாள். நாற்பத்திரண்டாம் நாள் கம்பெனி வண்டி வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு போகும். நாற்பத்து மூன்றாம் நாள் தரையில் கிடக்கும் எருவை லாரி வாரிக்கொண்டு போகும். பிறகு கழுவி, காயவிட்டு, ஐம்பத்தாறாம் நாளோடு ஒரு சுற்று முடியும். மறுநாள் மீண்டும் ஒன்று. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூட "நாப்பத்தெட்டுக்கு மேலன்னா எங்களுக்குச் சௌகரியம்" என்று சொல்லிவைத்தாள். மாப்பிள்ளையின் வயதைச் சொல்கிறாளோ என்று அவர்கள் பதறிப்போனார்கள்.

பெரியவள் அவளுடைய அக்கா, நான்கு வயது மூத்தவள். ஆறு வளைந்து ஆழம் குறைகிற இடத்தில் ஒரு நீச்சல் துறை நடத்துகிறாள். மிதக்கும் பலகை மேடை ஒன்று, உடை மாற்ற இரண்டு அறை, ஒரு விசில், அவ்வளவுதான் துறை. வருகிறவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள், சின்ன வயதில் நீந்தக் கற்காமல் விட்டுவிட்டு இப்போது வீம்புக்குக் கற்றுக்கொள்கிறவர்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், மூன்று மாதமாகப் பலகையை விட்டுக் கையை எடுக்கவில்லை. தையற்காரம்மா ஒருத்தி இடுப்பளவு தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெரியவள் ஒருவரையும் விரட்டமாட்டாள். "ஆறு எங்கயும் போகாது, மெதுவா வாங்க" என்பாள்.

ஆறு எங்கும் போகவில்லை, நிறம்தான் மாறியது. போன வருஷம் மூன்று தடவை, இந்த வருஷம் இரண்டு தடவை, திடீரென்று பெயின்ட்டைக் கரைத்து ஊற்றியது போலத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அழுகின வாடை. கரையோரம் குட்டி மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தபால்காரருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தண்ணீர் அதிகாரி வந்து, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை ஆற்றில் இறக்குவார். எவ்வளவு ஆழம் போனால் தட்டு கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது அவர் வேலை, அதனால் 'தட்டு மேடம்' என்று பெயர். பச்சையான நாட்களில் தட்டு ஒரு சாண் இறங்கியதுமே காணாமல் போனது. "ஒரே பருவத்துல மூணாவது தடவை பச்சையாச்சுன்னா துறைக்கு அனுமதி ரத்து. இந்த வருஷம் வந்த புதுச் சட்டம் அப்படி, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் தட்டு மேடம். அவருக்கே சொல்ல மனசில்லை, பாவம், அவரும் அங்கே நீந்தக் கற்றவர்தான்.

காரணத்தையும் அவரே சொன்னார். கோழி எரு எங்கோ ஆற்றுக்குள் கசிகிறது. அதைத் தின்று பாசி வெறிபிடித்து வளர்கிறது. பாசி மூச்சை இழுத்துக்கொள்ள, மீனுக்கு மூச்சு இல்லை.

கோழி எரு என்றதும் சின்னவள் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதிர்க்கரையில், ஆறு வருகிற பக்கம், பன்னிரண்டு கொட்டகைக்காரர் ஒருவர் இருந்தார். வேறு யாராக இருக்க முடியும்? "என் அக்கா துறையை மூட வெச்சுட்டுத்தான் அந்த மனுஷன் ஓய்வாரு" என்று தெருத்தெருவாகப் போய் முந்நூறு கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது. நீயும் கோழிக்காரிதானே என்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. "நான் நாலு, அவரு பன்னெண்டு. அதுவும் என் எரு லாரில ஏறிப் போயிடுது. கேட்டைத் தாண்டிருச்சுன்னா எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பாள். கோழி வளர்க்கிற எல்லோரும் பேசுகிற பேச்சுதான் அது. குஞ்சு உள்ளே வருவதும் கோழி வெளியே போவதும் கணக்கு, எரு கேட்டைத் தாண்டினால் கணக்கில் இல்லை.

பெரியவள் மட்டும் இந்தக் கையெழுத்து வேட்டையில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. "விடேன், பாத்துக்கலாம்" என்பாள். அக்காவுக்குச் சாமர்த்தியம் போதாது என்று சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம். பன்னிரண்டு கொட்டகைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் பேசப்போவது சின்னவள், வேறு யார்? துறை மூடிக்கிடந்த நாட்களைப் புட்டுப்புட்டு வைத்தால்தான் எடுபடும் என்று எட்டு மணிக்கே துறைக்கு வந்து, உடை மாற்றும் அறை மேசையில் அக்காவின் வருகைப் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தாள். வெளியே விசில் சத்தமும் தபால்காரரின் அலறலும் கேட்டுக்கொண்டிருந்தன. பெரியவள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தாள். மூடிய நாட்களுக்குச் சிவப்பில் ஒரு கோடு.

போன வருஷம் ஜூன் பத்து. சின்னவள் அதைத் தாளில் எழுதும்போதே, பழக்கதோஷம், மனசு தன்பாட்டுக்குச் சொல்லியது: ஐம்பத்திரண்டாம் நாள். சரி, இருக்கட்டும். அடுத்தது ஆகஸ்ட் ஆறு. அந்தச் சுற்றில்தான் மூன்றாவது கொட்டகை மின்விசிறி எரிந்துபோனது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐம்பத்து மூன்று. செப்டம்பர் முப்பது, ஐம்பத்திரண்டு. இந்த வருஷம் மே பன்னிரண்டு, ஐம்பத்திரண்டு. ஜூலை ஆறு, ஐம்பத்தொன்று.

பேனா நின்றது.

மறுபடி மேலிருந்து எண்ணினாள், விரல் விட்டு எண்ணினாள். மாறவில்லை. ஐந்து தடவையும் அவள் கொட்டகையிலிருந்து எரு வெளியேறி எட்டு, ஒன்பது, பத்து நாளில் ஆறு பச்சையாகியிருந்தது. அப்படியானால் பன்னிரண்டு கொட்டகைக்காரர்? அவர் வாரத்துக்கு ஒரு கொட்டகையாகக் குஞ்சு விடுகிறவர். அவருடைய இடத்தில் ஒரே நாளில் எல்லாம் காலியாவது என்பதே கிடையாது. அவருக்கு ஐம்பத்திரண்டாம் நாள் என்று ஒன்று வருஷம் முழுக்கத் தேடினாலும் இல்லை. ஆனாலும் அவள் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்கிற ஆளா? லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"எருவ எங்க கொண்டுபோய்க் கொட்டுறீங்க?"

"வழக்கமான எடத்துலதாம்மா. மேட்டுச் சோளக்காட்டுல."

"எந்த மேட்டுல?"

"ஓடை பக்கத்துல இருக்கே, அதான். காட்டுக்காரரு ராத்திரி பகலா ஸ்பிரிங்ளர் ஓட விடுறாரு, மனுஷன் நல்லா வெள்ளாமை பாக்குறாரு."

"தூரமா கொண்டுபோறேன்னு சொன்னீங்களே?"

"நான் எங்கம்மா சொன்னேன்? நீங்கதான் கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குக் கொண்டுபோங்கன்னு சொன்னீங்க. உங்க கேட்ல நின்னு பாத்தேன், தெரியல. அதான் கொட்டினேன்."

பாருங்கள், சொன்ன சொல் தவறாத லாரிக்காரர். அந்த ஓடை நேரே வந்து ஆற்றில் விழுகிற இடம், துறைக்கு இரண்டு வளைவு மேலே. சின்னவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு நாற்பதாம் நாள். இன்னும் மூன்று நாளில் லாரி வரும். அந்த எருவும் மேட்டுக்குப் போனால் அக்காவின் துறை அதோடு சரி.

போனைத் திரும்ப எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் அதிகம் பேசாத மனுஷர். இந்த வீட்டில் பேசுகிற வேலையைத்தான் ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கொண்டாளே.

"நாலாவது ஷெட்ட இனிமே காலியா விட்டுடலாமா?"

"விட்டுட்டு?"

"எருவ வெளிய அனுப்பாம அதுக்குள்ள கொட்டி மூடி வெக்கலாம். நனையாம இருந்தா கசியாது."

"குஞ்சு?"

"மூணு ஷெட்டுக்குப் போதும்."

கால்வாசிக் கோழி போகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. "சரி. ஆனா கம்பெனிக்கு நீயே போன் பண்ணிடு. உனக்குத்தான் அவங்க பயப்படுவாங்க" என்றார்.

ஆக, வேலை முடிந்தது. எருவை உள்ளேயே வைத்துக்கொண்டால் ஆறு பச்சையாகாது, துறை பிழைக்கும். கூட்டத்தில் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆறு தெளிந்ததும், மிரட்டினோம், பன்னிரண்டு கொட்டகைக்காரர் அடங்கினார் என்று ஊரே சின்னவளுக்கு மாலை போடும். மண்டபத்துக்கு நடக்கிற வழியெல்லாம் சின்னவள் இதைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு போனாள். நல்லவேளை, நல்ல யோசனையாகவும் தோன்றியது.

மண்டபம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு கொட்டகைக்காரர் முன்வரிசையில், தலையைப் படிய வாரி, மடியில் ஒரு தடித்த கோப்போடு உட்கார்ந்திருந்தார். போன வருஷத்திலிருந்து அதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார், ஒருவரும் திறக்க விட்டதில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஊர் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. சின்னவள் நுழைந்ததும் அவர் எழுந்து, "வாங்கம்மா, ஃபேனுக்கு நேரா உக்காருங்க" என்று தன் இடத்தைக் காட்டினார்.

அந்த மரியாதைதான் அவளைக் கவிழ்த்தது. திட்டியிருந்தால் தைரியமாகப் பொய் சொல்லியிருப்பாள். மைக் முன்னால் போய் நின்று, கையிலிருந்த தாளை மடித்தாள். அக்கா கடைசி வரிசையில், தலை ஈரம்கூடக் காயாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதிட்டு வந்தத படிக்கப் போறதில்ல" என்றாள் சின்னவள். "ஆத்தைப் பச்சையாக்குனது இவரு இல்ல. நான்தான்."

ஏதோ ஜோக் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தேதிகளைச் சொன்னாள், நாட்களைச் சொன்னாள், லாரியைச் சொன்னாள், ஓடையைச் சொன்னாள், இனி எருவை நான்காவது கொட்டகைக்குள் மூடி வைக்கப்போவதையும் சொன்னாள். கோழி வயதில் கணக்குச் சொன்னதால் பாதிப் பேருக்குப் புரியவில்லை. தட்டு மேடத்துக்குப் புரிந்துவிட்டது, வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "போன வருஷத்துலேர்ந்து இவர வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். மன்னிச்சுக்குங்க" என்று பன்னிரண்டு கொட்டகைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர் எழுந்தார். கோப்பைத் திறந்தார். அவருடைய எருவெல்லாம் கூரை போட்ட கிடங்கில் காய்ந்து, உரத் தொழிற்சாலைக்கு உருண்டையாக்கப் போகிறதாம், ரசீது ரசீதாக இருக்கிறதாம். "படிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அதான் நீங்க இல்லன்னு ஆயிடுச்சே, உக்காருங்க" என்றார் தபால்காரர்.

"நாத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்புங்க, காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பை மூடினார். பக்கத்து நாற்காலியில் தையற்காரம்மா வந்து உட்கார்ந்தாள். தார்ப்பாயும், தொழிற்சாலைக்காரரின் நம்பரும் தருவதாக அவர் அப்போதே சொன்னார்.

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கூப்பாடு போடுவாள், ஒரு பிடி பிடிப்பாள், உன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்பாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். பெரியவள் துண்டால் தலையைத் துவட்டிவிட்டு, "நாளன்னிக்கு மறுநாள்தானே லாரி வரணும்? எத்தனை மண்வெட்டி வெச்சிருக்க?" என்றாள். அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் நாள் நீச்சல் வகுப்பு மொத்தமும் நான்காவது கொட்டகைக்கு வந்து இறங்கியது. எரு நாற்றத்துக்கு மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். தையற்காரம்மாவுக்கு மூக்கைப் பிடித்துப் பழக்கம், ஒரு கையாலேயே வாரினாள். தபால்காரர் தள்ளுவண்டியைப் பிடித்த பிடியை விடவில்லை. அதுவரை கோழிக்குக் கீழே விரிப்பது என்ன என்று பார்த்திராதவர்கள், கடலைத்தோலைக் கையில் எடுத்து ஆச்சரியப்பட்டார்கள். மற்ற மூன்று கொட்டகை எருவும் உள்ளே வந்து, தார்ப்பாய் மூடி, கதவு சாத்தப்பட்டது. மேட்டில் மிச்சம் கிடந்த பழைய குவியலையும் லாரிக்காரர் தானே அள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். "இப்ப கேட்ல நின்னா தெரியுதும்மா, பரவாயில்லயா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லோரும் சிரித்தார்கள், பெரியவளும் சிரித்தாள். ஆனால் சின்னவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, நாற்பத்தைந்திலும் இல்லை, ஐம்பதிலும் இல்லை. போன் பண்ணினால் "சாப்டியா?" என்பாள். சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அக்கா திட்டாமல் விட்ட தப்பு ஒன்றுகூட இல்லை, பென்சில் தொலைத்ததற்குக்கூடத் திட்டியவள். மனசு விட்டுப்போய்விட்டது, அதனால்தான் திட்டவில்லை, அறுபது வருஷத்தில் முதல் தடவையாக என்னை ஒதுக்கிவிட்டாள் என்று வீட்டுக்காரரிடம் புலம்பினாள். "உனக்கு அம்பத்தஞ்சுதானே ஆகுது" என்றார் அவர்.

ஐம்பத்திரண்டாம் நாள். தட்டு மேடம் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. சின்னவளுக்கு ஐந்தரைக்கு மேல் படுக்க முடியவில்லை. கொட்டகையில் போடும் ரப்பர் பூட்ஸோடு துறைக்கு வந்தாள். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் யாரோ நிற்பது தெரிந்தது.

பெரியவள்தான். தொடையளவு தண்ணீரில், மாவு சலிக்கிற பெரிய சல்லடையை வைத்துக்கொண்டு, துறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீரை அரித்துக்கொண்டே மெதுவாக நடந்தாள். பலகை மேடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். சல்லடையைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப அரித்தாள்.

"என்னக்கா பண்ற?"

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சல்லடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், ஐம்பத்தொன்பது வயதில்.

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

"என்ன பழக்கம்? விடியக்காலைல ஆத்தைச் சலிக்கிற பழக்கமா?"

"கடலைத்தோல் மிதந்து வரும்" என்றாள் பெரியவள். "போன வருஷம் ஜூன்ல மொதல்ல வந்துச்சு. அந்தப் பன்னெண்டு ஷெட்டுக்காரரு விரிக்கிறது மரத்தூளு. கடலைத்தோல் விரிக்கிறது இந்தப் பக்கம் நீ ஒருத்திதான். அந்த மேடம் கண்ணுல பட்டா நேரா உன் வாசலுக்குத்தான் வருவாங்க. அதான் அவங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

சின்னவள் தண்ணீரின் விளிம்பு வரை வந்து நின்றாள்.

"அப்ப ஜூன்லயே உனக்குத் தெரியும்."

"ம்."

"தெரிஞ்சும் என்னை மைக் புடிச்சுக் கத்த விட்ட. துறையே போகப் போகுதுன்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ என்ன பண்ணுவ? எடுத்தேன் கவுத்தேன்னு நாலு ஷெட்டையும் இழுத்துப் பூட்டிட்டு வந்து நிப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் கஷ்டப்பட்டு எழுப்புனது. துறை போனா போகட்டும், ஏதாவது குளத்துல சொல்லிக்குடுத்துக்கலாம்னு இருந்தேன். ஒரு ஷெட்ட மட்டும் காலி பண்ணலாம்னு எனக்குத் தோணல. அந்த அளவுக்கு மூளை இருந்தா நான் ஏன் தபால்காரரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

சின்னவள் அழுதுவிட்டாள். சத்தம் போட்டு, மூக்கை உறிஞ்சி, வெட்கமில்லாமல் அழுதாள். ஒன்றேகால் வருஷமாகக் காலையில் எழுந்து, குளிர் தண்ணீரில் இறங்கி, தன் பிழைப்பைக் கெடுக்கிறவளுடைய தடயத்தை ஒவ்வொரு தோலாகப் பொறுக்கியிருக்கிறாள். இவளுக்குச் சாமர்த்தியம் போதாது என்று அல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

"போதும், மீன் பயந்துக்கும்" என்றாள் பெரியவள். "திட்டலையேன்னுதானே மூஞ்சிய தூக்கி வெச்சிருந்த? உன் வீட்டுக்காரரு போன்ல சொன்னாரு. எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உன்னைத் திட்டுறது? நீ எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லிட்ட. நான் மறைச்சுக்கிட்டுல்ல இருந்தேன்."

சின்னவள் நேரே ஆற்றில் இறங்கினாள். பூட்ஸுக்குள் தண்ணீர் களக்கென்று புகுந்தது. அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து சல்லடையைப் பிடுங்கி, மேல்முனையிலிருந்து தானே அரிக்கத் தொடங்கினாள். பெரியவள் கூடவே நடந்தாள். பலகை மேடை வரை போய், திரும்பி, கரையோர நாணல்களுக்குள் விட்டு அரித்து, சல்லடையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு இலை, ஒரு நத்தை. கீழே குனிந்தால் அக்காவின் கால்விரல்கள் பத்தும் தெரிந்தன, சின்னவளின் பூட்ஸில் ஒட்டியிருந்த பழைய சேறுகூடத் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் சின்னவள்.

"நல்லா பாத்தியா? அந்த மூலையில இன்னொரு தரம் பாரு" என்றாள் பெரியவள்.

சின்னவள் அந்த மூலைக்குப் போய் இன்னொரு தரம் அரித்தாள்.